ராத்திரி பதினோரு மணிக்கு ஆளெடுப்பு!

சம்பளம் கிடையாது. தூக்கம் கிடையாது. டார்ச் அடிக்கக் கூடாது, செல்போன் வெளிச்சம்கூட ஆகாது. ஏழு கிலோமீட்டர் மணலில் கால் புதையப் புதைய நடக்க வேண்டும். ‘ஆமை கட்டாயம் வருமா?’ என்று கேட்டால், ‘சொல்ல முடியாது’ என்பதுதான் பதில். இப்படி ஒரு வேலைக்குக் கூப்பிட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் யார் வருவார்கள்?

வருகிறார்கள்! பொங்கல் முடிந்த கையோடு ஒரு வெள்ளி அல்லது சனி இரவு, ஊர் அடங்கும் நேரத்தில் சென்னை நீலாங்கரை கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். கல்லூரி விடுதியிலிருந்து கும்பலாக வந்தவர்கள், ஆபீஸிலிருந்து நேரே வந்து கழுத்துப் பட்டையைக் கழற்ற மறந்தவர்கள், பேரனைக் கையில் பிடித்த தாத்தாக்கள், அப்பா தோளில் அரைத் தூக்கத்தில் தொங்கும் குழந்தைகள் என்று ஒரு சின்னத் திருவிழாவே மணலில் வட்டமாக உட்கார்ந்திருக்கும். நடுவில் நின்று கடலாமையைப் பற்றிப் பேசுகிறவருக்கோ இருபது வயதைத் தாண்டியிருக்காது. ஆனால் பேச்சில் தயக்கமே இருக்காது!

வந்தவர்களில் பெரும்பாலோர் ஆமை பார்க்க வந்தவர்கள். விடியும்போது அவர்களில் இரண்டு மூன்று பேர் ஆமைக்காக உழைக்கிறவர்களாக மாறியிருப்பார்கள். நோட்டீஸ் ஒட்டி, மேடை போட்டு, ‘இளைஞர்களே வாருங்கள்’ என்று அழைத்தும் ஆள் கிடைக்காமல் தவிக்கிற சங்கங்கள் ஊருக்கு ஊர் இருக்க, இவர்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது? அந்த ரகசியத்தைத் திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்து வந்ததைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லும்போதே எனக்குப் பரபரப்பாக இருக்கிறது!

முதலில் இவர்கள் யார் என்று பார்த்துவிடுவோம். அமைப்பின் பெயர் ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க். பெயரிலேயே மாணவர்கள். 1988-ல் மாணவர்கள் சேர்ந்து தொடங்கியது. இதற்கு முன்கதை ஒன்று உண்டு. சென்னைப் பாம்புப் பண்ணையை உருவாக்கிய ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் 1970களின் தொடக்கத்திலேயே இந்தக் கரையில் இரவில் நடந்து, பங்குனி ஆமை என்ற கடலாமையின் முட்டைகளை நாய்களிடமிருந்தும் திருடுபவர்களிடமிருந்தும் காப்பாற்றத் தொடங்கியிருந்தார்கள். பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் அடுத்து மாநில வனத்துறையும் பொரிப்பகம் நடத்தின. 1980களின் கடைசியில் அது நின்றுபோக, ‘அப்படியானால் நாம் செய்வோம்’ என்று மாணவர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த முன்கதையில் வரும் ஒருவரைச் சொல்லாமல் நகர மனசு வரவில்லை. சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவர். வகுப்பறையைவிடக் கடலும் பாம்புப் பண்ணையும்தான் அவரை இழுத்தன. கடலாமைகளை ஆராய ஓர் ஆள் தேவைப்பட்டபோது அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்! பிறகு இந்தியக் கடற்கரைகளை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே அளந்தார். 1982 மழைக்காலத்தில், படகே வர முடியாத மாதங்களில், லட்சத்தீவின் சுஹேலி தீவில் தன்னந்தனியாகத் தங்கி ஆமைகளைக் கவனித்தார். மனைவிக்குக் கடிதம் எழுதி பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்தது. அந்த நல்ல மனிதர் தானும் ஒரு கடிதம் எழுதிச் சேர்த்துத் தபாலில் அனுப்பிவைத்தார்! இப்படிப்பட்ட ஒருவர் முன்னோடியாக நடந்த துறையில் இளைஞர்களை ஈர்க்க வேறு விளம்பரம் எதற்கு?

சரி, நடைக்குப் போவோம். நீலாங்கரையில் கிளம்பினால் பெசன்ட் நகர் வரை. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் குப்பங்களும் பங்களாக்களும் மாறி மாறி. எல்லோரும் கூட்டமாகப் பேசிக்கொண்டு நடப்பதுதான் நமக்குத் தெரியும். கொஞ்சம் கவனித்தால் இன்னொன்று தெரிய ஆரம்பிக்கும். தன்னார்வலர்கள் மணலைப் பார்க்கிறார்கள். அவ்வப்போது நம்மையும் பார்க்கிறார்கள்!

முதல் ஒரு மணி நேரம் முன்வரிசையில் உற்சாகமாக ஓடுகிறவர்கள் பலர் உண்டு. கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். ஆமை எங்கே, எப்போது வரும், போட்டோ எடுக்கலாமா? இரண்டு மணி தாண்டியதும் அந்த வரிசை மெல்லப் பின்னால் நழுவும். அப்போதும் ஒரு பெண், யாரும் சொல்லாமலேயே, அலை தொட்டுப்போன விளிம்பைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். ஒரு பையன் காலில் சிக்கிய வலைத் துண்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வான். இன்னொருவன், தூங்கிப்போன அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவான். மூத்த தன்னார்வலர்களின் கண் போகிற இடம் இதுதான். நேர்முகத் தேர்வு நடந்து முடிந்துவிட்டது; தேர்வு எழுதியவருக்கே தெரியாது!

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது ஏமாறும் இடம் வண்டித் தடம். கடற்கரையைச் சுத்தம் செய்யும் டிராக்டர் போன தடத்தை இருட்டில் பார்த்துவிட்டு, ‘அக்கா! தடம், தடம்!’ என்று கத்துவார்கள். அக்கா ஓடி வருவார். திட்ட மாட்டார். குனிந்து உட்கார்ந்து காட்டுவார்: ‘இது வண்டிப்பா. ஆமைன்னா தண்ணிலேர்ந்து மேல ஏறியிருக்கும், திரும்பி எறங்கியிருக்கும். ரெண்டு பக்கத் துடுப்பும் மாத்தி மாத்தி விழுந்திருக்கும் பாரு.’ அந்த ‘அக்கா’வுக்கும் அந்தத் தம்பிக்கும் ஒன்றிரண்டு வயதுதான் வித்தியாசம். இது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். ஐம்பது வயதுக்காரர் வந்து சேவையின் மகத்துவத்தைச் சொன்னால் பதினெட்டு வயது தலையாட்டிவிட்டுப் போய்விடும். இருபது வயது வந்து தடம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தால் அது ஒட்டிக்கொள்ளும்.

இப்போது நிஜமான தடம்! கிட்டத்தட்ட இரண்டடி அகலம். கடலிலிருந்து ஏறி, மேட்டில் ஓரிடத்தில் மணல் கலைந்து, மறுபடி கடலுக்குள் இறங்கிப் போயிருக்கிறது. தாய் வந்து முட்டையிட்டு மூடி, தன் உடம்பாலேயே மணலைத் தட்டி இறுக்கிவிட்டுப் போயேவிட்டாள். கலைந்த மணல் ஒரு கட்டில் அளவுக்குப் பரந்து கிடக்கும். முட்டைகள் அதில் எங்கே?

ஒருவர் கையில் நீளக் குச்சியோடு மண்டியிடுகிறார். மெதுவாக, மிக மெதுவாக, மணலுக்குள் இறக்குகிறார். இறுக்கம். எடுத்து இரண்டு அங்குலம் தள்ளி மறுபடி. இறுக்கம். மறுபடி. பத்தாவது, பதினைந்தாவது முயற்சியில் குச்சி சட்டென்று லேசாக இறங்கும். தோண்டி மூடிய மணல் இளகித்தான் இருக்கும், அதுதான் அடையாளம். கொஞ்சம் அழுத்திவிட்டால் முட்டை உடைந்துவிடும், அதனால் இளக்கம் தெரிந்த நொடியே கை நின்றாக வேண்டும். இந்தக் கைப்பழக்கம் எந்தப் புத்தகத்திலும் வராது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

அடுத்துதான் ஆளெடுப்பின் உச்சக்கட்டம்! குச்சி எடுத்தவர் தானே தோண்டி முடித்திருக்கலாம். அதுதான் சுலபம், வேகம். ஆனால் அவர் நிமிர்ந்து, நடையில் மணலையே பார்த்துக்கொண்டு வந்த அந்தப் பெண்ணைக் கூப்பிடுகிறார். ‘வாம்மா, கைய விடு.’

அவள் குப்புறப் படுக்கிறாள். கழுத்து குறுகி அடி அகன்ற குழி அது, ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழம். தோள் வரைக்கும் மணலுக்குள் போய்விடுகிறது. கன்னம் மணலில். முகத்தில் ஒரு மாற்றம் வருமே, அதைப் பார்க்க வேண்டும்! விரல் நுனியில் டேபிள் டென்னிஸ் பந்து அளவில் ஏதோ தட்டுப்படுகிறது. கோழி முட்டை ஓட்டின் கடினம் இதில் இல்லை, தோல் மாதிரி மெத்தென்று, அழுத்தினால் குழியும். ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் வைக்க வேண்டும். உருட்டக் கூடாது, குலுக்கக் கூடாது; முட்டையிட்டுச் சில மணி நேரத்தில் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டத் தொடங்கிவிடும், அதன்பின் புரட்டினால் சேதம். அவள் எண்ணுகிறாள், சுற்றி நிற்கும் கூட்டமும் சேர்ந்து எண்ணுகிறது. எண்பது… தொண்ணூறு… நூறு! ஒரு கூட்டில் நூறு, நூற்றிருபது சாதாரணம். கடைசி முட்டையை எடுத்ததும் குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்துகொள்கிறார்கள், பொரிப்பகத்தில் அதே மாதிரி குழி வெட்ட வேண்டுமே! நாளும் இடமும் எண்ணிக்கையும் நோட்டில் ஏறுகின்றன. பிறகு பை அவள் கைக்கே வருகிறது. பெசன்ட் நகர் வரை நீதான் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள்.

அவ்வளவுதான்! இனி அவளை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. தன் கையால் எடுத்துத் தன் கையால் சுமந்த நூறு உயிர்கள் நாற்பத்தைந்து நாள் மணலுக்குள் இருக்கப் போகின்றன. அவள் வந்து பார்க்காமல் இருப்பாளா?

நான் பார்த்தவரையில் நம் சங்கங்கள் பலவும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். புதிதாக வரும் பிள்ளைக்கு நாற்காலி அடுக்கும் வேலை, பேனர் பிடிக்கும் வேலை. ‘முக்கியமான’ வேலை பெரியவர்களுக்கு. இளைஞர்கள் வேலைக்கு அஞ்சி ஓடுகிறார்கள் என்பதை நான் நம்பவே மாட்டேன். தன்னை நம்பி ஒன்றும் கொடுக்காத இடத்தில் அவர்கள் தங்குவதில்லை, அவ்வளவே.

அதற்காகக் கல்லூரிச் சான்றிதழுக்காகச் சேவைக்கு வருகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் என்ற அதன் கணக்கு எத்தனையோ பிள்ளைகளை முதல்முறையாகத் தெருவுக்கும் கிராமத்துக்கும் கொண்டுபோயிருக்கிறது. எந்தக் கதவு வழியாக வந்தால் என்ன? உள்ளே வந்தபிறகு கையில் என்ன கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இதுவரை பார்த்தது முன்மேடை. பின்மேடை எது தெரியுமா? செவ்வாய்க்கிழமை இரவு! பார்வையாளர் யாரும் இல்லை. ஆமைக்கு வெள்ளி, சனி தெரியாது. ஜனவரியிலிருந்து பருவம் முடியும்வரை தினமும் யாராவது நடந்தாக வேண்டும். இரண்டு பேர், மூன்று பேர். மாலையிலேயே செல்போனில் ஆள் தேடல் ஆரம்பிக்கும். ஒருவருக்கு நாளை இன்டர்னல், ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு பைக் பஞ்சர். யாராவது ஒருவர் ‘நான் வர்றேன்’ என்று எழுதும்வரை ஒரு நிம்மதியின்மை. எழுதியதும் வந்து விழும் இதயக் குறிகளைப் பார்க்க வேண்டுமே! விடியற்காலை நடை முடித்து, டீ குடித்து, மணல் ஒட்டிய காலோடு எட்டரை மணி வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் இவர்கள். அந்த வகுப்பில் கண் அசந்தால் பேராசிரியர்கள் தயவுசெய்து மன்னிக்க வேண்டும்.

வீட்டுச் சம்மதம் இன்னொரு பெரிய படலம். ‘ராத்திரி முழுக்க பீச்சுலயா? அதுவும் பொம்பளப் புள்ளயா?’ நியாயமான பயம்தான். இதற்கு வாதம் செய்து ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை. அம்மாவையே ஒரு சனிக்கிழமை நடைக்குக் கூட்டிவந்தவர்கள்தான் ஜெயித்திருக்கிறார்கள். கூட யார் நடக்கிறார்கள், எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கண்ணால் கண்டபிறகு அம்மாவின் முகம் தெளிந்துவிடும். அதிர்ஷ்டம் இருந்து அன்றைக்கு ஆமையே கரையேறிவிட்டால் கேட்கவே வேண்டாம். முட்டையிடத் தொடங்கும்வரை கூட்டத்தைத் தள்ளி நிறுத்தி, பிறகு பின்பக்கமாக அழைத்துப்போவார்கள். உடம்பின் உப்பை வெளியேற்ற ஆமையின் கண்ணில் நீர் வழியும். பிள்ளை பெற்ற அம்மாக்கள் அதைப் பார்த்துவிட்டு, விஞ்ஞான விளக்கத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு, தாங்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

பெசன்ட் நகர் பொரிப்பகத்தை எட்டிப் பாருங்கள். வேலி போட்ட மணல், வரிசையாகக் கவிழ்த்த மூங்கில் கூடைகள். ஒவ்வொரு கூடைக்கடியிலும் ஒரு கூடு. ஒவ்வொன்றுக்கும் தேதியும் எண்ணிக்கையும் எழுதிய அட்டை. மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு என்பதைக் கேட்டுப் புதியவர்கள் வாய் பிளப்பது இங்கேதான். பொரிக்கும் நாட்களில் இரவெல்லாம் கூடைகளைத் திறந்து திறந்து பார்க்க வேண்டும். ஒரு கூடையில் மணல் அசையும், ஒரு தலை எட்டிப் பார்க்கும், சில நிமிடத்தில் கூடை நிறையக் குஞ்சுகள்!

மாலையில் அவற்றைக் கடலில் விடும்போது அடுத்த தலைமுறைக்கான ஆளெடுப்பு தொடங்குகிறது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும் இயல்புடையவை. நகரத்தின் விளக்குகளைக் கடல் என்று எண்ணித் தெருப்பக்கம் திரும்பிவிடும். அதனால் ஒரு தன்னார்வலர் முழங்கால் நீரில் டார்ச்சோடு நின்று அவற்றை அழைப்பார். இரவெல்லாம் தடைசெய்யப்பட்ட டார்ச்சுக்கு இங்கே ராஜமரியாதை! கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த வெளிச்சத்தையே பார்க்கும் எட்டு வயதுப் பெண்ணைக் கவனித்துக்கொள்ளுங்கள். இன்னும் பத்து வருடத்தில் துணிப்பையோடு வருவாள். இன்று கடலுக்குள் போன குஞ்சும் வளர்ந்து முட்டையிட வர அதே மாதிரி பத்துப் பதினைந்து வருடம் ஆகும்.

இந்த அமைப்பின் தலையாய சிக்கலும் இளமைதான். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒட்டுமொத்த அணியே படிப்பு முடித்துப் பறந்துவிடும். குச்சிப் பழக்கம் கைவந்தவன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவான். அதனால் இங்கே ஆளெடுப்பு ஒரு நாளும் ஓய்வதில்லை. கற்றவன் போவதற்குள் கல்லாதவன் கையில் குச்சி மாறியாக வேண்டும். 1988-லிருந்து இந்தக் கைமாற்றம் அறுபடவில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். ஆரம்பித்த மாணவர்களில் ஒருவரான கார்த்திக் ஷங்கர் இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியர். கடலாமை ஆய்வில் உலகறிந்த பெயர். எல்லோரும் விஞ்ஞானி ஆகவில்லை. வங்கியில், பள்ளிக்கூடத்தில், சாஃப்ட்வேரில் இருக்கிறவர்கள் லீவுக்கு ஊர் வந்தால் ஒரு நடை நடந்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள்.

இன்னொரு வழியும் இதே கரையில் இருக்கிறது. 2002-ல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், மீனவக் குப்பங்களின் இளைஞர்களையே திரட்டிக் ‘கடலாமைப் பாதுகாவலர்கள்’ ஆக்கியது. கடலின் முகத்தைப் பார்த்தே காற்றைச் சொல்லும் பிள்ளைகள் அவர்கள். தடம் பார்க்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவர்களுக்குப் பருவத்தில் ஊக்கத்தொகை உண்டு. ‘காசு வாங்கினால் அது சேவையா?’ என்று கேட்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். கல்லூரிப் பிள்ளை ஓர் இரவு விழித்தால் ஒரு வகுப்பு போகும். மீனவப் பிள்ளை விழித்தால் மறுநாள் தொழில் போகும். இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது அநியாயம்.

கொண்டாட்டம் மட்டுமே இந்த வேலை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் சென்னையிலும் அதன் சுற்றுவட்டாரக் கரையிலும் செத்து ஒதுங்கிய ஆமைகள் ஆயிரத்துக்கு மேல். ஆமை மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். இழுவலையில் மாட்டினால் வர முடியாமல் மூச்சுமுட்டிச் செத்துவிடும். முட்டை எண்ண ஆசைப்பட்டு வந்த பிள்ளைகள் அந்த மாதம் சடலங்களை எண்ணினார்கள். நாற்றத்தில் மூக்கைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, அடுத்த இரவும் வந்தார்கள். அந்தப் பருவத்தில் முதன்முதலாக நடக்க வந்தவர்கள் மேல் எனக்கு இருக்கிற மரியாதைக்கு அளவே இல்லை.

உங்கள் வீட்டில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை இருந்தால் வரும் ஜனவரியில் அனுப்பிவையுங்கள். கூடவே நீங்களும் கிளம்புங்கள். கருத்த நிறத்தில் உடை, தண்ணீர் பாட்டில், நடக்கத் தோதான கால், இது போதும். குழு சொல்கிறபடி நடங்கள், ஃபிளாஷை மறந்துவிடுங்கள். தூக்கம் கண்ணைக் கட்டும் இரண்டு மணிக்கு மேல் கொஞ்சம் மணலைப் பார்த்து நடங்கள், உங்களைக் கவனிக்கிறவர்கள் இருக்கிறார்கள்! நடை முடிந்து கலையும்போது, அழைத்துவந்த தம்பியிடமோ தங்கச்சியிடமோ, ‘வாரநாளில் ஆள் தேவைப்படுகிறதா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஜனவரியில் கேட்டவர் கையில் மார்ச்சுக்குள் அந்தக் குச்சி வந்திருக்கும்!